ஒன்பதாம் வகுப்பில் வந்த அம்மை

என் பேத்திக்குக் கணக்கு ஏன் வரவில்லை என்பதற்கு எங்கள் வீட்டில் ஆளுக்கொரு காரணம் இருந்தது. ஒருவர் காரணத்தை இன்னொருவர் இரவல் வாங்கவேண்டிய நிலை ஒருநாளும் வரவில்லை.

என் மகன் வைத்திருந்த காரணம் வம்சம். எங்கள் வம்சத்துக்கே கணக்கு வராது என்பான். சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு பெருமை வரும், கண்மாய் வெட்டிய பாட்டனைப் பற்றிச் சொல்கிற மாதிரி. அவனுடைய அப்பா கணக்கில் தேறவில்லை. இவன் பத்தாவதில் கணக்கை மட்டும் மூன்று முறை எழுதினான். இப்போது கல்லலில் டிராக்டர் வைத்து எங்கள் வயலையும் ஊரார் வயலையும் உழுகிறான். கல்யாண வீட்டில் நாலு பேர் சேர்ந்தால், அந்த மூன்று முறையும் என்னென்ன கேள்வி வந்தது என்று சொல்லுவான். கேட்கிறவர்களில் பாதிப் பேர் அவனோடு சேர்ந்து எழுதியவர்கள்தான்.

மருமகளின் அம்மா, நாட்டரசன்கோட்டைச் சம்பந்தி, இந்தக் காரணத்தை முழு மனதோடு ஒத்துக்கொண்டார்.

“ஆமா மதினி, அது உங்க வம்சந்தான். எங்க பக்கம் கணக்கு தண்ணி மாதிரி. எம்மகன் சிங்கப்பூர்ல சும்மாவா இருக்கான்?”

அவர் மகன் சிங்கப்பூரில் லாரி ஓட்டுகிறார். கிலோமீட்டர் பார்க்கிற வேலை அதிகம்போல.

மருமகள் செல்ஃபோனைக் குற்றம் சொன்னாள். பக்கத்து வீட்டில் கண் என்றார்கள். கோயில் பூசாரி, பேத்தி உட்கார்ந்து படிக்கிற திசையைக் குற்றம் சொன்னார். மேசையைக் கிழக்குப் பக்கம் திருப்பிப் போட்டோம். அங்கே வெளிச்சம் வரவில்லை. அதனால் அவள் படிக்கவில்லை; ஆனால் படிக்காமல் இருந்தது கிழக்குப் பார்த்து.

இவ்வளவு பேச்சும் அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் நடந்தது. சோற்றுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, யாரோ பக்கத்து ஊர்ப் பிள்ளையைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதுபோலக் கேட்டுக்கொண்டிருப்பாள். கொஞ்ச நாளில் அவளும் நம்பிவிட்டாள். வீட்டுக்கு வந்தவர்கள் கணக்கு எப்படி என்று கேட்டால், “எங்களுக்கெல்லாம் வராது” என்று பரம்பரைச் சொத்தைச் சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். எட்டாவது வரைக்கும் அவள் கணக்கில் எண்பதுக்குக் குறைந்ததில்லை. அப்போது வம்சத்தைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை.

ஒன்பதாவது தொடங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஆனி மாதக் கடைசியில் பேத்தி வயதுக்கு வந்தாள். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அவளுக்கு மட்டும் வயிற்று வலி.

பள்ளிக்கூடத்துக்கு என்ன சொல்வது என்ற பேச்சு வந்தது. அவள் படிப்பது காரைக்குடியில், வேனில் போய் வருகிற பள்ளிக்கூடம். அவளுடைய வகுப்பு வாத்தியார்தான் கணக்கு வாத்தியாரும். கல்யாணமாகாதவர், கேள்வி கேட்டால் அவர்தான் முதலில் வெட்கப்படுவார் என்று பேத்தியே சொல்லியிருக்கிறாள். அவரிடம் எப்படிச் சொல்வது? மருமகள் ஃபோனை எடுத்துக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போனாள். திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது.

“அம்மை போட்டிருக்குன்னு சொல்லிட்டேன் அத்தை.”

“நல்லவேளை. கால் ஒடிஞ்சிருச்சுன்னு சொல்லியிருந்தா இப்ப மாவுக்கட்டுக்கு அலையணும்.”

அவள் ஒன்றும் புதிதாகச் சொல்லிவிடவில்லை. எங்கள் பக்கத்தில் அந்த வயதுப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தைப் பொறுத்தவரை அம்மைதான் போடும். பள்ளிக்கூடமும் பொறுப்பாகப் பதில் சொன்னது. அம்மை முழுசாக இறங்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்றின பிறகு அனுப்பினால் போதும், மற்ற பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளும் என்றார்கள்.

ஒரு வாரத்தில் அனுப்பிவிடலாம் என்றுதான் இருந்தோம். சம்பந்தி ஃபோனில் வந்தார்.

“தாய்மாமன் வந்து சீர் வைக்காம பிள்ளை வாசப்படி தாண்டக் கூடாது மதினி. எங்க வழக்கம் அது.”

“சரி மதினி. மாமன் எப்ப வாறாக?”

“லீவு கேட்டிருக்கான்.”

லீவு கிடைத்தது. கிடைத்தபோது ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் எங்கள் பக்கம் விசேஷம் வைக்க மாட்டோம். அதனால் ஆவணி முதல் முகூர்த்தம் என்று முடிவாயிற்று. ஆவணிக்கு லீவு மறுபடி கேட்கவேண்டி இருந்தது.

என் மகனுக்கு இதில் கவலை எதுவும் இல்லை. “பாடம் எங்குட்டுப் போகப் போகுது. போய்ப் பிடிச்சுக்கிரும் பிள்ளை” என்றான். பாடத்தை மூன்று முறை துரத்தியவன் சொல்கிறான்.

பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு தடவை ஃபோன் வந்தது. அம்மை இறங்கவில்லையா என்று கேட்டார்கள். முதல் தடவை, இறங்கிக்கொண்டிருக்கிறது என்றாள் மருமகள். இரண்டாம் தடவை, இறங்கி மறுபடி ஏறிவிட்டது என்றாள். இப்படி ஓர் அம்மையை நான் கேள்விப்பட்டதில்லை.

பொய்யென்றால் அதற்குக் கொஞ்சம் வேலையும் செய்ய வேண்டும். பள்ளிக்கூட வேன் எங்கள் தெரு வழியாகத்தான் போகும். வேன்காரர் கண்ணில் படட்டும் என்று மகன் வாசல் கேட்டில் வேப்பிலைக் கொத்தைச் செருகினான். வாடினால் மாற்றினான். வயலுக்கு எந்நாளும் இவ்வளவு கவனமாகப் போனதில்லை.

ஒருநாள் சாயங்காலம் பேத்தியின் சிநேகிதி வந்தாள். ரயிலடிப் பக்கத்துப் பிள்ளை, ஒரே பெஞ்சில் உட்காருகிறவள். கையில் கணக்கு நோட்டு இருந்தது. விட்டுப்போன பாடத்தையெல்லாம் எழுதிக் கொண்டுவந்திருக்கிறாள். கேட் வரை வந்தவள் வேப்பிலையைப் பார்த்தாள். அம்மை போட்ட வீட்டுக்குள் நுழையக் கூடாதென்று அவளைப் பெற்றவர்கள் நன்றாகத்தான் வளர்த்திருந்தார்கள். நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

பேத்தி மாடி ஜன்னலில் இருந்தாள். “அம்மா, கூப்பிடவா?”

“சும்மா இருடி. அம்மை போட்டவ ஜன்னல்ல நின்னு கூவுவாளா?”

சிநேகிதி அங்குமிங்கும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். நோட்டும் அவளோடு போயிற்று. அதற்குப் பிறகு பால்காரர்கூடப் பாலை வாசலிலேயே வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தார். அம்மை விஷயத்தில் எங்கள் ஊர் ரொம்பக் கட்டுப்பாடு.

ஆவணியில் தாய்மாமன் வந்தார். செலவு அவருடையது; குறை வைக்கவில்லை. மண்டபம், பந்தி, வரிசையாகச் சீர்த்தட்டு. முக்கியமாக ஃப்ளெக்ஸ். கல்லல் பஸ் ஸ்டாண்டில் ஒன்று, மண்டபத்து வாசலில் ஒன்று. காரைக்குடியிலும் ஒன்று வைத்தால்தான் மரியாதை என்று சொல்லி, அதற்கு நல்ல இடமாகத் தேடினார். வண்டிகள் நின்று திரும்புகிற ஒரு முக்கு கிடைத்தது. பேத்தியின் பள்ளிக்கூடத்துக்குத் திரும்புகிற முக்கு.

‘பூப்புனித நீராட்டு விழா’ என்று மேலே பெரிய எழுத்து. நடுவில் பட்டுப்புடவையும் கிரீடமுமாகப் பேத்தி. அவளைவிடக் கொஞ்சம் பெரிதாக, கறுப்புக் கண்ணாடி போட்ட தாய்மாமன். மூலையில் என் படமும் உண்டு. நன்றாகத்தான் வந்திருந்தது.

இரண்டு மாதமாகப் பள்ளிக்கூடத்துக்கு மறைத்த விஷயத்தை, பள்ளிக்கூடம் போகிற எல்லோரும் அண்ணாந்து பார்க்கிற உயரத்தில் கட்டிவைத்தோம். இதில் முன்னுக்குப் பின் முரண் இருப்பதாக எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வாத்தியாரிடம் வாயால் சொல்வதுதான் வெட்கம். படம் போட்டு வைப்பது முறை.

பள்ளிக்கூடத்து பிரின்சிபால் அம்மாவுக்கும் பத்திரிகை வைத்திருந்தோம். வந்தார். மேடை ஏறி, மாலையோடு உட்கார்ந்திருந்த பேத்தியிடம் ஹாட்பாக்ஸ் ஒன்றைக் கொடுத்தார். கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்.

“ஒடம்பு எப்படிம்மா இருக்கு? அம்மைத் தழும்பு ஒண்ணும் விழலையே. பரவால்ல.”

பேத்தி தலையைக் குனிந்தாள். அந்த இடத்தில் எப்படியும் குனிந்துதான் இருக்க வேண்டும் என்பதால் யாரும் கவனிக்கவில்லை. பிரின்சிபால் சாப்பிட்டுவிட்டு, வத்தக்குழம்பு நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுவாரம் பள்ளிக்கூடம் போனாள். வேன் அந்த முக்கில் நின்றுதான் திரும்பும். நிற்கிறபோதெல்லாம் வேனில் இருக்கிற பிள்ளைகள் ஜன்னல் வழியாக மேலே பார்ப்பார்கள், பிறகு வேனுக்குள்ளே பார்ப்பார்கள். வகுப்பில் அவள் மூன்றாம் பெஞ்சை விட்டுவிட்டுக் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள். சீர் வைத்த கையோடு சம்பந்தி புத்தியும் சொல்லி அனுப்பியிருந்தார்.

“இனி நீ பெரிய மனுசி. முன்ன மாதிரி வாத்தியார்கிட்ட எந்திரிச்சு நின்னு அதென்ன சார் இதென்ன சார்னு கேட்டுக்கிட்டு இருக்காத. அடக்கமா இரு.”

மற்ற எந்தப் புத்திமதியையும் கேட்காத பிள்ளை இதை மட்டும் அப்படியே கேட்டாள். காலாண்டுப் பரீட்சையில் கணக்கில் பத்தொன்பது. அரையாண்டில் பதினாலு. அப்போதுதான் வம்சம் எழுந்து வந்தது.

வைத்தியமும் நடந்தது. வல்லாரைத் துவையல் நினைவுக்கு நல்லது என்று மருமகள் தினமும் அரைத்தாள். வீடு முழுக்கத் தின்றோம். எனக்கு மறந்துபோயிருந்த சில பழைய சண்டைகள் ஞாபகத்துக்கு வந்தன, அதற்கு மேல் பலன் இல்லை. கணக்குப் புத்தகத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்துச் சாமி அறையில் வைத்தார்கள். சாமி அறையில் இருப்பதை நினைத்த நேரம் எடுக்க முடியாது. குளித்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். அவள் பள்ளிக்கூடம் விட்டு வந்து குளிப்பதை நிறுத்திவிட்டாள்.

உனக்கு எது புரியவில்லை என்று மட்டும் அவளிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் வந்தால் என்ன செய்வது? வீட்டில் அதற்குப் பதில் தெரிந்தவர்கள் கிடையாது.

தை மாதம் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். பிள்ளையைப் பெற்றவர்கள் வர வேண்டும். முழுப் பரீட்சையிலும் இப்படிப் போனால் பத்தாவதுக்கு வைத்துக்கொள்ள மாட்டோம், டி.சி. வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும் என்றார்கள்.

மகன் ரொம்ப அமைதியாக எடுத்துக்கொண்டான். “வாங்கிருவோம். வராத பிள்ளைய எதுக்குப் போட்டு வருத்தணும். தையல் கிளாஸ்ல சேத்துவிட்ருவோம். நாலு வருசத்துல ஒரு எடத்தப் பாத்துப் பிடிச்சுக் குடுத்திட்டாப் போச்சு.”

பேத்தி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கை நின்றது.

அவளுக்கு மாட்டு டாக்டர் ஆக வேண்டும். எங்கள் சிவப்புப் பசு கன்று போட முடியாமல் கிடந்தபோது, ஸ்கூட்டரில் ஒரு பெண் டாக்டர் வந்து, கையை உள்ளே விட்டுக் கன்றைத் திருப்பி எடுத்தார். அப்போது பேத்திக்குப் பத்து வயது. அன்றிலிருந்து இதே பேச்சுத்தான். கொட்டகையில் இருக்கிற எல்லா மாட்டுக்கும் அவள்தான் காய்ச்சல் பார்க்கிறாள். மாடுகளும் ஒத்துழைக்கின்றன.

“மாட்டு டாக்டருக்கு எதுக்குத்தா கணக்கு?” என்றான் மகன், சமாதானம் சொல்கிறவனாக. “மாடு என்ன கேள்வியா கேக்கப் போகுது?”

“பத்தாவதே தாண்டலன்னா மாட்டுக்கு ஊசி போட விட மாட்டாகப்பா. ஊசி போடுறப்ப மாட்டப் பிடிச்சுக்கிறதுக்குத்தான் கூப்பிடுவாக.”

எழுந்து கை கழுவப் போனாள். தட்டில் பாதிச் சோறு இருந்தது. அவள் சோற்றை மிச்சம் வைத்து நான் பார்த்ததில்லை.

பள்ளிக்கூடத்துக்கு யார் போவது என்று அடுத்த வழக்கு. மருமகளுக்கு அந்த வாத்தியார் முகத்தில் விழிக்க வெட்கம்; அவரிடம்தானே அம்மையை ஏற்றி இறக்கிச் சொன்னாள். மகனுக்கு அறுப்பு முடிந்து உளுந்துக்கு உழவு. எனக்கு வேலை ஒன்றும் இல்லை, வெட்கமும் தீர்ந்து ரொம்ப நாளாயிற்று. கல்லலில் பஸ் ஏறினேன்.

பிரின்சிபால் அறையில் பேத்தியை ஏற்கெனவே வரவழைத்து நிறுத்தியிருந்தார்கள். கணக்கு வாத்தியார் சுவரோரமாக நின்றார். பார்த்தால் அவருக்கே டி.சி. கொடுக்கப்போகிற மாதிரி இருந்தது.

“உக்காருங்கம்மா. பேரன்ட்ஸ் வரலையா?”

“அவுக ரெண்டு பேரும் இது யார் வம்சம்னு பேசிக்கிட்டு இருக்காக. முடிவானதும் வருவாக.”

பிரின்சிபால் சிரிக்கவில்லை. பத்தாவதில் ரிசல்ட் முக்கியம், பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது, ஒரு பிள்ளைக்காக அதை விட முடியாது என்று நிதானமாகச் சொன்னார். முழுப் பரீட்சையில் தேறாவிட்டால் வேறு இடம் பார்க்க வேண்டியதுதான்.

நான் வாத்தியார் பக்கம் திரும்பினேன். “சார், நீங்க சொல்லுங்க. இவளுக்கு ஏன் வரல?”

அவர் வம்சம், கண், திசை ஒன்றையும் சொல்லவில்லை. ஒரு பாடத்தின் பெயரைச் சொன்னார். எனக்கு அது வாயில் நுழையவில்லை. ஆனால் இத்தனை மாதத்தில் எங்கள் வீட்டில் யாரும் ஒரு பாடத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

“எண்கள் வச்சு எது குடுத்தாலும் போட்டுடுறா. எழுத்து வச்ச கணக்கு வந்தா அப்படியே நின்னுடுறா. அந்தப் பாடம் ஜூலை ஆகஸ்ட்ல நடத்தினேன். அதுக்கப்புறம் வர்ற பாதிப் பாடம் அதுக்கு மேலதான் நிக்குது. அப்ப அவ லீவு.” கொஞ்சம் நிறுத்தி, “அம்மை போட்டிருந்துச்சு” என்றார்.

“அம்மை இல்ல சார்.”

வாத்தியார் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தார். பேத்தி தரையைப் பார்த்தாள். இரண்டுக்கும் நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன்.

“தெரியும்மா” என்றார் அவர், ஃபேனிடம்.

“எப்படித் தெரியும்?”

“நான் டீ குடிக்கிற கடைக்கு எதிர்லதான் போர்டு வச்சிருந்தீங்க.”

“அப்ப உங்களுக்கும் தெரியுமாம்மா?” என்று பிரின்சிபாலைக் கேட்டேன்.

“நான்தான் விசேஷத்துக்கே வந்தேனே.”

“தெரிஞ்சும் தழும்பைத் தேடுனீகளாக்கும்.”

“நீங்க அம்மைன்னு சொல்லியிருக்கீங்க. நான் வேற எப்படி விசாரிக்கிறது?”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

“நாங்க சொல்றதுக்கு வெக்கப்பட்டோம், நீங்க கேக்குறதுக்கு வெக்கப்பட்டீக. நடுவுல பாடம் போயிருச்சு” என்றேன். “எத்தனை பிள்ளைகளுக்கு சார் இந்த அம்மை?”

வாத்தியார் முதல் முறையாக என்னைப் பார்த்தார். “நான் இங்க வந்ததுல இருந்து பாக்குறேன். ஏழாவது, எட்டாவது, ஒம்பதாவதுல பொண்ணுகளுக்குத்தான் வருது. சில வீட்ல ஒரு வாரத்துல எறங்கிடுது. சில வீட்ல மாசக்கணக்குல எறங்க மாட்டேங்குது. அந்தப் பிள்ளைக போன எடத்துல இருந்து திரும்பி வர்றதே இல்லம்மா. வகுப்புல உக்காந்துதான் இருக்கும். ஆனா வர்றதில்ல.”

“எனக்கு ஆறாவதுல போட்டுச்சு சார். இன்னும் எறங்கல.”

பிரின்சிபால் மேசையில் இருந்த பேனாவை எடுத்து வேறு இடத்தில் வைத்தார்.

அப்போது பேத்தி பேசினாள். தலை குனிந்தபடிதான், ஆனால் சத்தமாக.

“சார், எக்ஸ எக்ஸால எப்படி சார் வகுக்கிறது? எனக்கு மொதப் படியே தெரியல.”

கடைசி பெஞ்சுக்குப் போன பிறகு அவள் அந்த வாத்தியாரிடம் கேட்ட முதல் கேள்வி அது. அவர் கரும்பலகையைத் தேடினார். அந்த அறையில் கரும்பலகை இல்லை. முதல் மார்க் எடுத்த பிள்ளைகளின் படங்கள்தான் சுவர் முழுக்க இருந்தன. பிரின்சிபாலின் காகிதம் ஒன்றை வாங்கிப் பின்பக்கத்தில் எழுதினார். பேத்தி கிட்டே வந்து குனிந்து பார்த்தாள்.

நானும் எட்டிப் பார்த்தேன். “எழுத்தப் போயி எப்படி சார் வகுக்க முடியும்?”

“அது எழுத்து இல்லம்மா. இன்னும் கண்டுபிடிக்காத ஒரு எண்ணுக்கு வச்ச பேரு.”

“சரிதான். நாங்களும் ஒரு விசயத்துக்கு வேற பேரு வச்சிருந்தோம்.”

பேத்தி சட்டென்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் பல்லைப் பார்த்தேன். கிளிப் போட வேண்டியதுதான்.

காலையில் பள்ளிக்கூடம் தொடங்குமுன் ஒரு மணி நேரம் தனி வகுப்பு எடுக்கிறேன் என்றார் வாத்தியார். பிரின்சிபால் ஒத்துக்கொண்டார். ஆனால் எதற்கான வகுப்பு என்று எப்படி அறிவிப்பது என்பதில் இரண்டு பேரும் திணறினார்கள். கடைசியில் மறுநாள் காலை பிரேயரில் பிரின்சிபால் அறிவித்தார்: அம்மை போட்டு நீண்ட விடுப்பு எடுத்தவர்கள் எல்லோரும் கணக்குத் தனி வகுப்புக்கு வர வேண்டும்.

ஒன்பதாவதில் மூன்று பிரிவு. அத்தனை பிரிவிலிருந்தும் பெண்பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். உண்மையாகவே அம்மை போட்டிருந்த பையன் ஒருவனும் வந்தான். வாத்தியார் அவனையும் உட்காரச் சொன்னாராம்.

வீட்டில் மகன்தான் முரண்டு பிடித்தான். அந்த நேரத்துக்கு வேன் கிடையாது. தினமும் காலையில் பைக்கில் காரைக்குடிக்குக் கொண்டுபோய் விட வேண்டும்.

“வம்சத்துலயே இல்லாததுக்கு எதுக்கு ஆத்தா இந்த அலைச்சல்?”

“ஏன்டா, டிராக்டர் நம்ம வம்சத்துல இருந்துச்சா?”

“அது ஓட்டிப் பழகுனது.”

“எத்தன வாட்டி வரப்புல ஏத்துன? ரெண்டு தென்னம்பிள்ளையச் சாச்சியே, அப்ப உங்கப்பா டி.சி.யா குடுத்தாரு?”

அவன் பைக் சாவியைத் தேடினான். அது சட்டைப் பையில்தான் இருந்தது. தேடுகிற மாதிரி இருந்தால் தோற்ற மாதிரி இருக்காது என்று தேடினான்.

அன்றிலிருந்து அப்பனும் மகளும் விடிந்தும் விடியாமலும் கிளம்பினார்கள். பேத்தி சாயங்காலம் வந்ததும் சாமி அறைக்குப் போய், குளிக்காமலே, கணக்குப் புத்தகத்தை எடுத்து வந்தாள். மருமகள் என்னைப் பார்த்தாள். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். புத்தகம் பிறகு சாமி அறைக்குத் திரும்பவில்லை. மேசையும் ஜன்னல் பக்கமே வந்துவிட்டது. ரயிலடிப் பிள்ளை தினமும் நோட்டோடு வந்தாள். கேட்டில் வேப்பிலை இல்லை என்றாலும், முதல் இரண்டு நாள் நின்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள்.

எல்லாம் உடனே சரியாகிவிடவில்லை. மாசி மாதப் பரீட்சையில் இருபத்தாறு வாங்கி வந்தாள். மகன் வாயைத் திறந்தான். வம்சம் வெளியே வருவதற்குள் பேத்தி முந்திக்கொண்டாள்.

“அப்பா, இதுல எட்டு மார்க் கூட்டல்ல விட்டது. எழுத்துக் கணக்கு மூணு சரி. நாளைக்கு சார்கிட்ட மிச்சத்தக் கேக்கணும்.”

எது சரி, எது தப்பு, எங்கே தப்பு என்று பிரித்துச் சொல்லிவிட்டால் வம்சத்துக்கு அங்கே வேலை இல்லாமல் போய்விடுகிறது. மகன் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டான்.

முழுப் பரீட்சை வந்தது. அந்த வாரம் மருமகள் வல்லாரை அரைக்க எடுத்தாள். பேத்தி அம்மியிலிருந்து அதை எடுத்துக் கொண்டுபோய் மாட்டுக்குப் போட்டாள். எங்கள் மாடுகளுக்கு இப்போது நல்ல ஞாபகம்.

சித்திரையில் ரிசல்ட் சொன்னார்கள். கணக்கில் ஐம்பத்தெட்டு. பிரின்சிபால் மருமகளுக்கு ஃபோன் செய்து, டி.சி. தேவையில்லை, பத்தாவதுக்குப் புத்தகம் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். மருமகள் ஃபோனை வைத்துவிட்டு, காரணமே இல்லாமல் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய்விட்டு வந்தாள். அவளுக்குப் பள்ளிக்கூட விஷயம் என்றால் அந்த இடம்தான்.

சாயங்காலமே சம்பந்தி கூப்பிட்டார். “நாந்தான் சொன்னேன்ல மதினி. எங்க பக்கத்து ரத்தம். கொஞ்சம் லேட்டாத்தான் வேலை செய்யும்.”

“ஆமா மதினி. அந்த ரத்தத்துக்கும் ஆடிக்குள்ள வந்து சேர லீவு கெடைக்கலபோல.”

சம்பந்தி உடனே வெயில் எப்படி என்று கேட்டார்.

மகனுக்குத்தான் மனது ஆறவில்லை. வம்சத்தில் முதல் ஆளாகக் கணக்கில் ஒரே முறையில் தேறியவள் என்று, யாரையும் கேட்காமல் காரைக்குடி ஃப்ளெக்ஸ் கடைக்கு ஃபோன் செய்துவிட்டான். அதே முக்கில் வைத்துவிடலாம், பழைய படங்கள் கம்ப்யூட்டரில் அப்படியே இருக்கின்றன, மேலே இருக்கிற எழுத்தை மட்டும் மாற்றினால் போதும் என்று கடைக்காரர் சொன்னாராம். சாப்பிடும்போது இதைச் சந்தோஷமாகச் சொன்னான்.

பேத்தி தட்டிலிருந்து நிமிரவில்லை. “வைங்கப்பா. மறுநாளே நான் போய் டி.சி. கேப்பேன்.”

மகன் என்னைப் பார்த்தான். நான் மருமகளைப் பார்த்தேன். மருமகள் ரசத்தைப் பார்த்தாள். அவன் ஃபோனை எடுத்துக்கொண்டு வெளியே போய், கடைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தான்.

பேத்தி தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்தாள். கை கழுவிவிட்டுச் சிவப்புப் பசுவுக்குக் காய்ச்சல் பார்க்கப் போனாள்.

அந்த ஃப்ளெக்ஸில் என் படமும் வந்திருக்கும். நான் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.